கோணலாய்க் கூடிய முழங்கை

என் வயதுக்காரிகளே, என்னோடு ஒரே மலையில் கூடை சுமந்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு என் தங்கச்சியைத் தெரியும். விஞ்ஞான டீச்சர். வலது கை முழுதாய் நீளாது, முழுதாய் மடங்கவும் மடங்காது. சாமி கும்பிட்டால் ஒரு பக்கம் சாய்ந்த கும்பிடாகத்தான் இருக்கும். சின்ன வயதில் வடிகானுக்குள் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விழுந்தது அவளாகத்தான். கை கோணியது என்னால். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பொறாமையால்.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. வட்டகொடைக்கு மேலே, புகையிரதம் கூவினால் கேட்கும் தூரத்தில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய் ஒற்றை அறைக் காம்பராக்கள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா விடிய முன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவாள். மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து தள்ளிக்கொண்டு வந்த காலம் அது. அந்த மாதிரிக் காலத்தில் லீவு கேட்டால், மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு புதன்கிழமை பின்னேரம். லயத்துக்கு முன்னால் ஓடும் கானை நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் தாண்டித் தாண்டி விளையாடுவோம். தங்கச்சியும் தாண்டினாள். பாசியில் கால் வழுக்கிக் கானின் கல் விளிம்பில் வலது முழங்கை அடிபட விழுந்தாள். அழவே இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை, கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. பக்கத்துக் காம்பரா அத்தை ஓடிவந்து தூக்கினாள். மலையிலிருந்து இறங்கிவந்த அம்மா படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அங்கே எலும்பு கட்டும் வைத்தியர் ஒருவர் இருந்தார். வெதமாத்தயா என்போம். மாடு, மனிதர், நாய் எல்லாவற்றுக்கும் அவர்தான் கட்டுப் போடுவார். தங்கச்சியின் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். எண்ணெயில் வதக்கிய இலை அரைப்பை வைத்து, மூங்கில் பட்டை நாலை அடுக்கி, பழைய சீலைக் கிழியால் சுற்றினார். அந்த அரைப்பு நாற்றம் அரிசி மூட்டை வரைக்கும் எங்கள் காம்பராவில் ஏறிப் பல நாள் போகவில்லை.

"சின்னப் புள்ள எலும்பு," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "பச்சக் குச்சி மாதிரி. சீக்கிரம் கூடும். கோணலா இருந்தா கோணலாவே கூடிரும். ஏழாவது நாள் காலைல, நல்ல வெளிச்சத்துல வரணும். நான் பிரிச்சுப் பாத்து நேராக்கிக் கட்டணும். எட்டு இல்ல, பத்து இல்ல. ஏழு."

"வந்துர்றேங்க மாத்தயா," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் என் கஷ்டகாலம் தொடங்கியது.

எங்கள் கோழி ஒன்று நாள் விட்டு நாள் முட்டை போடும். அதுவரை முட்டையை இரண்டாக வெட்டுவோம், பெரிய பாதி எது என்று சண்டை பிடிப்போம். கை உடைந்ததும் முட்டை முழுசாக அவளுக்குப் போனது. பீலியில் தண்ணீர் பிடித்து வருவது என் வேலை, விறகு பொறுக்குவது என் வேலை, அவளுடைய புத்தகப் பையைச் சுமப்பதும் என் வேலை. அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கிற இடம் அவளுக்கு. நான் கால்மாட்டுக்குத் தள்ளப்பட்டேன். அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். வலது கை இல்லை என்பதால் அம்மா அவளுக்கு ஊட்டிவிட்டாள். மலையில் நாள் முழுக்க நின்று வந்த அம்மா, கொழுந்துக் கறை படிந்த விரலால் ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, ஊதி ஊதி அவள் வாயில் வைப்பாள். எனக்கு அம்மா ஊட்டியதாக ஞாபகமே இல்லை. ஊட்டியிருப்பாள்தான். ஆனால் அது ஞாபகம் இல்லாத வயதில் நடந்தது, இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வயிறு எரிந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கோழிக் கூட்டின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பேன். கோழிகளிடம் ஒரு நியாயம் இருந்தது. பெரிய பெட்டைதான் முதலில் கொத்தும். அது கொத்தி முடித்த பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. எங்களிடம் கால் ஊனமான ஒரு குட்டிப் பெட்டை இருந்தது. அது நொண்டிக்கொண்டு குருணைக்குப் பக்கத்தில் வந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து அதன் மண்டையில் போடும். மிருகங்கள் பலவீனமானதை அப்படித்தான் ஒதுக்கும் என்று பின்னாளில் தங்கச்சியே எனக்கு விளக்கினாள். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கோழிகள் சரியாக இருக்கின்றன, எங்கள் வீட்டில்தான் எல்லாம் தலைகீழாக நடக்கிறது.

அந்தச் சனிக்கிழமை விறகு பொறுக்கத் தோட்டத்துக் கிரவுண்டுப் பக்கம் போனேன். ஓரத்தில் சரளைக் கல் கொட்டிக் கிடக்கும். அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு என் தலைக்கு மேலே சுற்றியது. பிறகு சற்றுத் தள்ளி இறங்கி, ஒரு இறக்கையைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தது. இறக்கை உடைந்துவிட்டது என்று நினைத்தேன். பிடிக்கலாம் என்று பின்னாலேயே போனேன். பத்தடி போனால் அது இன்னும் பத்தடி இழுத்துக்கொண்டு போகும். என்னைக் கிரவுண்டின் மறுகோடி வரை கூட்டிக்கொண்டு போய்விட்டு, இரண்டு இறக்கையையும் விரித்துச் சும்மா பறந்து போனது. திரும்பி வந்து சரளையில் தேடினேன். கல்லோடு கல்லாக நாலு முட்டை. நான் அதைக் கண்டுவிடாமல் இருக்கத்தான் அத்தனை நடிப்பும்.

ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பார்த்துத் தாய்ப்பாசம் என்று நெஞ்சுருகியிருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு உருகவில்லை, மூளை வேலை செய்தது. குருவி முட்டையைக் காப்பாற்ற நடித்தது, நான் முட்டையைத் தின்பதற்கு நடிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஏழாவது நாள் வந்தது. கண்டாக்கு ஐயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அம்மா அன்றைக்கு லீவு வாங்கியிருந்தாள். அன்று என்ன நாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். நன்றாகத் தெரியும். போன முறை போகும்போது அவளை இடுப்பில் சுமந்தாள், வரும்போது கிராமத்துக் கடையில் அவளுக்கு மட்டும் ஒரு சீனி முறுக்கு வாங்கிக்கொடுத்தாள். இன்னொரு தடவை அந்த ஊர்வலத்தின் பின்னால் ஓட என்னால் முடியாது. லயத்துப் படியில் நாலாவது படியிலிருந்து உருண்டேன். சும்மா உருளவில்லை, தண்ணீர்க் குடத்தோடு உருண்டேன். காலைப் பிடித்துக்கொண்டு அலறினேன்.

"ஐயோ, இவளும் ஒடைச்சிக்கிட்டாளா!" என்று அம்மா ஓடிவந்தாள்.

"ஊண முடியலம்மா. உள்ள நொறுங்குதும்மா."

பக்கத்துக் காம்பரா அத்தை கன்னத்தில் கை வைத்தாள். "ஒரே வாரத்துல ரெண்டு புள்ளைக்கும் எலும்பு போகுதுன்னா இது சும்மா இல்ல. யாரு கண்ணோ பட்டிருக்கு."

"இப்ப யாரைத் தூக்கிட்டு எங்க போறதுன்னு தெரியலையே அண்ணி," என்றாள் அம்மா.

"சின்னவளுக்குக் கட்டுப் போட்டாச்சு, கட்டு அப்படியே இருக்கு. இவளுக்கு என்னன்னே தெரியல. மொதல்ல இவளத் தூக்கு. கால் போனா மலை ஏற முடியுமா?"

கொழுந்து எடுக்கிறவர்களின் கணக்கு அது. அவர்கள் பேசியதில் எனக்கு இன்றும் தப்புத் தெரியவில்லை, என்னை நம்பியதைத் தவிர. தங்கச்சியை அத்தையிடம் விட்டுவிட்டு அம்மா என்னை இடுப்பில் தூக்கினாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அம்மாவின் மூச்சு என் காதில் இரைந்தது. அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். வேர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாசனைக்குள் இருந்தபோது, உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்தேன்.

தோட்டத்து மருந்துச் சாலையில் டிஸ்பென்சர் ஐயா காலை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. அவர் விரல் பட்டதுமே நான் கத்தினேன். அவருக்கு யோசனை. "எதுக்கும் படம் எடுத்துப் பாத்துரலாம்," என்று லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். லொறி நேரே போவதென்றால் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். டிஸ்பென்சர் ஐயாவும் கேட்டார். அம்மா பதறிப்போனாள்.

"ஒருத்தர் கை வச்சு கட்டுன எலும்ப இன்னொருத்தர் தொடக்கூடாதுங்கய்யா. கை விளங்காமப் போயிரும்."

நம் ஆட்கள் எல்லாரும் அன்று அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் அதற்கு மறுபேச்சுப் பேசுகிற ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் கறுப்புத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கால் எலும்பு வெள்ளையாக, புகை மாதிரி நின்றது. என் உடம்புக்குள் இவ்வளவு சுத்தமான ஒன்று இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றும் உடையவில்லை என்றார் டொக்டர். அம்மா படத்தில் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்தாள். எலும்பின் முனைக்குப் பக்கத்தில் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

"இங்க ஒடைஞ்சிருக்குங்களே ஐயா?"

அது வளர்கிற இடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே அப்படித்தான் இருக்கும் என்று அவர் சிரித்தார். வளர்கிற எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கும், அது படத்தில் விழாது, அதனால் இடைவெளி மாதிரித் தெரியும். இதை நான் தங்கச்சியின் பாடப்புத்தகத்தில் வாசித்தது பிறகு எத்தனையோ வருஷம் கழித்து. அம்மாவுக்கு அன்று யார் விளக்குவது? டொக்டருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா தன் கண்ணால் பார்த்ததை நம்பினாள். படத்தைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு என்னையும் சுமந்துகொண்டு லயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் அந்தப் படம் லயம் முழுக்கச் சுற்றியது. ஒவ்வொருத்தராக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். "ஆமாடி, விரிசல் நல்லாத் தெரியுது," என்றாள் அத்தை. "டொக்டரு என்னத்தப் பாத்தாரோ." அதன் பிறகு என் பொய்யை நான் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. லயமே காப்பாற்றியது. முட்டை எனக்கு வந்தது. அம்மா ஊட்டிவிட்டாள். தங்கச்சி கட்டுப் போட்ட கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் என் காலைத் தடவி, "வலிக்குதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கத்தான் தடவுகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா அடுத்த நாளே கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றாள். "நேத்துத்தானே லீவு குடுத்தேன். இப்ப மறுபடி வேணுமா? கொழுந்து முத்திப் போகுது," என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடந்த நேரம். அத்தையும் மலையில்தான் நின்றாள், அனுப்ப வேறு ஆள் இல்லை. அம்மா தினமும் விரல் விட்டு எண்ணுவாள். எட்டு, ஒன்பது, பத்து. சத்தம் போட்டு எண்ணுவாள். நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து நடந்து காட்டியிருந்தால் அடி விழுந்திருக்கும். ஆனால் என்னைச் சுமந்து வீணாய்ப் போன அந்த லீவின் கதையைச் சொல்லிக் கண்டாக்கு ஐயாவிடம் அம்மா இன்னொரு லீவு வாங்கியிருப்பாள். நான் எழுந்திருக்கவில்லை.

லீவு கிடைத்துப் பதினைந்தாம் நாள்தான் போனோம், நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து நொண்டிக்கொண்டு. வெதமாத்தயா கட்டைப் பிரித்தார். கை, புதிதாக ஒரு வடிவத்தில் வந்தது. முழங்கைக்கு மேலே பட்டாணி மாதிரி ஒரு முண்டு. அமுக்கினார், மடக்கினார். பாதியில் நின்றது.

"கூடிருச்சு," என்றார். "ஏன் வரல?"

அம்மா அழுதுகொண்டே என்னைக் காட்டினாள், படத்தையும் காட்டினாள். அவர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைத் தொட்டார். அடிபட்ட மாடு அடிபட்ட இடத்தைத் தொட விடாது, கை பக்கத்தில் வரும்போதே காலை இழுத்துக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. அவர் தொட்ட பிறகுதான் முகத்தைச் சுளித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "இது நல்ல கால்," என்று அம்மாவிடம் சொன்னார்.

தங்கச்சியின் கையை நேராக்க வேண்டுமென்றால் திரும்ப உடைத்துக் கட்ட வேண்டும் என்றார். அம்மா மாட்டேன் என்றாள். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, "இருக்கட்டுங்க, இப்படியே இருக்கட்டும்," என்றாள். அவர் ஒரு போத்தல் எண்ணெயைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். "நீ தேய். ரெண்டு நேரமும்."

ஒரு வருஷம் தேய்த்தேன். கால் குணமாகிவிட்டதென்று அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். முட்டை மறுபடி பாதியானது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குக் குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கும், அதைச் சுமந்துகொண்டு ஒழுங்கான அக்காவாக இருந்திருப்பேன். எனக்கு வயது வந்ததும் பேர் பதிந்து மலைக்கு அனுப்பினார்கள். அடுத்து அவள் முறை. கண்டாக்கு ஐயா அவளைக் கூப்பிட்டு, கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போட்டுக் காட்டச் சொன்னார். கை தோள் வரை போகவில்லை. "இந்தக் கைய வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? படிக்கட்டும்," என்றார். படித்தாள். டீச்சராகி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனாள். நான் முப்பத்தாறு வருஷம் அட்டைக் கடியிலும் மழையிலும் நின்றேன். அவளுடைய உடைந்த கை அவளைத் தூக்கிவிட்டது, என் நல்ல கையும் நல்ல காலும் என்னை மலையிலேயே வைத்திருந்தன. அந்தக் கையைக் கோணலாக்கிக் கொடுத்தவளே நான்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். அவள் சேலையைத் துவைத்துக் காயப்போடும்போது அதைப் பிழிந்த பிழியில் இரண்டு தடவை கிழித்திருக்கிறேன்.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். பாடசாலையில் விழா. ஒரு பழைய மாணவி பேசினாள். வன்கூட்டுத் தொகுதி என்கிற எலும்புப் பாடத்துக்கு டீச்சர் கரும்பலகையில் படம் கீற மாட்டார், தன் சட்டைக் கையைத் தூக்கிவிட்டு எங்களை ஒவ்வொருத்தராக வந்து தொட்டுப் பார்க்கச் சொல்வார், புயவென்பு இது, ஆரை இது, அரந்தி இது, கோணலாய்க் கூடினால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லித்தருவார் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். தங்கச்சி என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்தக் கைக்கு ஒரு வருஷம் எண்ணெய் தேய்த்தவள் என் அக்கா என்று சொல்லி மாலை போட்டாள். மறுபடியும் கைதட்டினார்கள். கழுத்தில் மாலை அரித்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். படி, குடம், குருவி, படம், எல்லாம். அவள் காதில் தோடு கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றின தோடு கையிலேயே இருந்தது.

"அப்ப ஒனக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். "இந்தக் கை இல்லாட்டி நானும் ஒன்னோட மலைக்குத்தானே வந்திருப்பேன். அதுக்கு ஒன்னையத் திட்டுறதா, கும்பிடுறதான்னு தெரியல போ," என்று சிரித்தாள். அதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா. சாகுற வரைக்கும், அந்த ஏழாவது நாள் சின்னவளக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேனேன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவாங்க. என் கைய மடியில வச்சுக்கிட்டு அழுவாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. தன்னோட தப்புன்னே நெனைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு அது தெரியாது. என் வீட்டிலும்தான் அம்மா வருஷக்கணக்கில் இருந்தாள். என்னிடம் ஒரு நாளும் அழுததில்லை. அம்மா ஐம்பது வருஷம் அழுததற்கு நான்தான் காரணம் என்று அந்த நிமிஷம் தெரிந்துகொண்டேன். அழ வேண்டிய நேரம் அது. ஆனால் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவளிடம் அழுத அம்மா, என்னிடம் ஏன் ஒரு தடவைகூட அழவில்லை என்ற கேள்விதான் வந்தது.